மயிரிழை இடைவெளி

எஞ்சினின் அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைக் கழற்றியதும் கருத்த ஆயில் கயிறுபோல இறங்குகிறது. அதில் கொஞ்சத்தை வெள்ளைப் பீங்கான் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். நல்ல எஞ்சினின் ஆயிலில் கறுப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. நம் தட்டிலோ பொன்தூள் தூவியதுபோல ஏதோ மின்னுகிறது. விரல் நுனியில் தேய்த்தால் நரநரவென்று படுகிறது. அந்தப் பொன் நிறம் செம்பு. பேரிங்குகளின் மேற்படலம் தேய்ந்துபோய், அடியில் இருந்த செம்புக் கலவை கரைய ஆரம்பித்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள். நம்மூர் மெக்கானிக் இதைப் பார்த்தபின் அதிகம் பேசமாட்டார். "எஞ்சினை இறக்கணும்" என்பார்.

இந்த அத்தியாயத்தில் நாம் இறக்கப்போவது பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் எஸ்54 எஞ்சினை. 2000 முதல் 2006 வரை தயாரான எம்3 காரின் இதயம் அது. வரிசையாக ஆறு சிலிண்டர்கள், வார்ப்பிரும்பு பிளாக், 3246 சிசி கொள்ளளவு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி திராட்டில். டர்போவின் துணை இல்லாமலே 343 குதிரைத்திறன் தந்தது. நிமிடத்துக்கு 8000 சுற்று வரை சுழன்றது. தொடக்க ஆண்டுகளில் வந்த இந்த எஞ்சின்கள் சிலவற்றில் கனெக்டிங் ராட் பேரிங்குகள் காலத்துக்கு முன்பே தேய்ந்தன. நிறுவனமே கார்களைத் திரும்ப வரவழைத்து அவற்றை மாற்றிக் கொடுத்தது. உயர்திறன் எஞ்சின் ஒன்று எப்படிச் சாகிறது, அதை எப்படி மீட்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எஞ்சினை மீண்டும் கட்டுவது என்றால், உடைந்த உலோகத்தை எடுத்துவிட்டுப் புது உலோகத்தை வைப்பது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உலோகத்தைக் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம். அந்த உலோகங்களுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஒருவர் உட்கார்ந்து அளந்து, அரைத்து, கழுவி, மறுபடியும் அளந்துதான் அதை உண்டாக்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்த இடைவெளியைப் பற்றியது.

அரை கிலோ இரண்டு டன் ஆவது

8000 சுற்று என்பது நிமிடக் கணக்கு. அதை நொடிக் கணக்கில் பார்த்தால்தான் அந்த உலகம் புரியும். கிராங்க் என்னும் சுழல்தண்டு ஒரு நொடிக்கு 133 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே போய் ஒருமுறை நிற்கிறது, கீழே வந்து ஒருமுறை நிற்கிறது. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டி முடிப்பதற்குள் பத்துத் தடவைக்கு மேல் ஏறி இறங்கிவிடும். போய்வரும் தூரம் 91 மி.மீ. தான். ஆனால் சராசரி வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். நடுவழியில் அது 140-ஐத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் வந்த பிஸ்டன் உச்சியில் முழுதாக நின்று, அதே வேகத்துக்குத் திரும்பியாக வேண்டும்.

பிஸ்டன், அதைக் கனெக்டிங் ராட்டோடு இணைக்கும் பின், வளையங்கள் எல்லாம் சேர்ந்து அரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 4000 மடங்குக்கும் மேல். கையில் அரை கிலோ கனக்கும் பொருள் அந்தக் கணத்தில் இரண்டு டன்னுக்கு மேல் கனக்கிறது. எரிபொருள் வெடிக்கும் சுற்றில் மேலிருந்து வாயு அழுத்துவதால் இந்த இழுவை ஓரளவு ஈடாகிவிடும். புகையை வெளியேற்றும் சுற்றில் அந்த ஈடும் கிடையாது. பிஸ்டன் அப்படியே மேலே பறந்துவிடப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது கனெக்டிங் ராட்டும், அதன் கீழ்முனையில் மூடியை இறுக்கியிருக்கும் இரண்டு போல்ட்டுகளும்தான். இந்த இழுபறி நொடிக்கு 66 முறை நடக்கிறது.

இந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. 8000-லிருந்து 10,000-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, விசையோ பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது. மூன்றாம் கியரிலிருந்து நான்குக்குப் போக நினைத்த கை தவறி இரண்டில் போட்டுவிட்டால் நடப்பது இதுதான். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியால் எரிபொருளை மட்டுமே நிறுத்த முடியும். அப்போது எஞ்சினைச் சுழற்றுவது எரிபொருள் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் காரின் சக்கரங்கள் கியர்பெட்டி வழியாக அதைச் சுழற்றுகின்றன. அதைத் தடுக்க எந்த மின்னணுக் கருவியாலும் ஆகாது.

கார்க்கைத் துப்பிய பேரிங்

இவ்வளவு விசையும் கடைசியில் வந்து சேரும் இடம் கிராங்கின் ராட் தண்டு. ஏறக்குறைய 49 மி.மீ. விட்டமுள்ள, கண்ணாடிபோலத் தேய்த்த உருக்கு உருளை அது. அதைச் சுற்றி ராட்டின் பெரிய முனை. இரண்டுக்கும் நடுவில் பேரிங் என்று அழைக்கப்படும் இரண்டு அரைவட்ட ஓடுகள். அதில் குண்டுகளோ உருளைகளோ கிடையாது. இரண்டு டன் சுமையுடன் உருக்கு உருக்கின்மேல் உரசினால் சில நொடிகளில் பற்றிக்கொண்டு நின்றுவிடும். ஆனாலும் இந்த எஞ்சின்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றன. எப்படி?

விடை கிடைத்தது 1883-இல், இங்கிலாந்தில். ரயில் பெட்டிகளின் அச்சுகளில் உராய்வு எவ்வளவு என்று அளந்து தரும்படி இயந்திரப் பொறியாளர் கழகம் பியூசாம்ப் டவர் என்பவரைக் கேட்டிருந்தது. சுழலும் அச்சின்மேல் அமர்ந்திருந்த பித்தளைப் பேரிங்கின் உச்சியில், ஆயில் ஊற்றுவதற்காக அவர் ஒரு துளை போட்டார். அச்சின் அடிப்பகுதி ஆயில் தொட்டியில் மூழ்கியிருந்தது. எந்திரத்தை ஓட்டியதும் ஆயில் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வழிந்தது. கார்க் வைத்து அடைத்தார். கார்க் வெளியே வந்துவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதுவும் மெல்ல மெல்ல ஏறி வெளியே வந்தது. கடைசியில் அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டும் மானி அது. முள் அந்த எல்லையையும் தாண்டியது. பேரிங்கின்மேல் இருந்த சராசரிச் சுமையோ அதில் பாதிதான்.

அச்சு பித்தளையைத் தொடவே இல்லை என்பதை டவர் அப்படித்தான் கண்டார். அது ஆயிலின்மேல் மிதந்துகொண்டிருந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1886-இல், மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். சுமை தாங்கும் தண்டு பேரிங்கின் நடுமையத்தில் இருக்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால் இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் ஆப்பு வடிவில் அமைகிறது. சுழலும் தண்டு தன்மேல் ஒட்டிய ஆயிலை அந்தக் குறுகும் பக்கம் இழுத்துச் செல்கிறது. ஆயில் சுருங்கிக்கொடுக்காது. வழி குறுகக் குறுக அதன் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தமே தண்டைத் தூக்கிப் பிடிக்கிறது. மழைநாளில் நெடுஞ்சாலையில் தேங்கிய நீரின்மேல் வேகமாகப் போகும் கார் சட்டென்று பிடிமானம் இழந்து வழுக்குவதும் இதே இயற்பியல்தான். டயருக்கும் சாலைக்கும் நடுவே நீர் ஆப்பாகப் புகுந்து காரைத் தூக்கிவிடுகிறது. சாலையில் உயிரைப் பறிக்கும் அதே விதி எஞ்சினுக்குள் உயிரைக் காக்கிறது.

ஆயில் பம்ப்பின் வேலை ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான். அது தருவது காற்றழுத்தத்தைப்போல் சில மடங்கு அழுத்தம். ஆப்பின் குறுகிய முனையில் எழும் அழுத்தமோ அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். சுழற்சி தனக்கு வேண்டிய தாங்குதலைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

இந்த வித்தைக்கு இடைவெளி சரியாக இருக்க வேண்டும். தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது எஞ்சின் கட்டுபவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. 49 மி.மீ. தண்டுக்கு அது 50 மைக்ரான். மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். மயிரிழை நுழையாத இடத்தில் ஒரு எஞ்சினின் ஆயுள் முழுதும் அடங்கியிருக்கிறது. முழுச் சுமையில் ஆயில் படலம் மிக மெலியும் இடத்தில் மிஞ்சுவது ஒரு மைக்ரான் அளவுதான்.

இடைவெளி கூடினால் ஆயில் இரு ஓரங்களிலும் வழிந்தோடிவிடும், ஆப்பில் அழுத்தம் எழாது. குறைந்தாலோ போதிய ஆயில் உள்ளே போகாது. ஆயில் தாங்குவதோடு நிற்பதில்லை, அங்கே பிறக்கும் வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு போகிறது. வரத்து குறைந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் ஆயில் நீர்த்துப்போகும். நீர்த்தால் படலம் மெலியும். மெலிந்தால் சூடு இன்னும் ஏறும்.

சாவதற்கென்றே செய்த ஓடு

பேரிங் ஓட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். முதுகுப்பக்கம் உருக்கு. அதன்மேல் செம்பும் ஈயமும் கலந்த அடுக்கு. அதற்கும் மேலே, ஏறக்குறைய 20 மைக்ரான் தடிமனில், நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மெத்தென்ற ஈய, வெள்ளீயக் கலவை. இப்படி மெல்லிய உலோகத்தைப் பேரிங்கில் பயன்படுத்தும் வழியை 1839-இல் காட்டியவர் ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர்.

இவ்வளவு விசை வரும் இடத்தில் மெத்தென்ற உலோகம் எதற்கு? ஆயிலோடு வரும் தூசி அந்த மென்மைக்குள் அமிழ்ந்துவிடும், கிராங்கைக் கீறாது. ஒரு கணம் படலம் அறுந்து உலோகம் தொட்டுவிட்டாலும், மென்மையான பக்கம் விட்டுக்கொடுத்து வழுக்கும், பற்றிக்கொள்ளாது. கிராங்க் விலை உயர்ந்தது, செய்ய நாளாகும். ஓடு மலிவானது. கிராங்குக்கு வரும் சாவைத் தான் ஏற்பதுதான் ஓட்டின் வேலை.

படலம் அறுவதற்குப் பல வழிகள். பந்தயத் தடத்தில் நீண்ட வளைவொன்றில் கார் திரும்பும்போது அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் முழுதும் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சலாம். ஆயில் சூடாகும் முன்பே எஞ்சினை உச்ச வேகத்துக்கு விரட்டினால், கெட்டியான ஆயில் வேண்டிய இடத்துக்கு வேண்டிய வேகத்தில் போய்ச் சேராது. இந்த எம்3 காரின் சுற்று மானியிலேயே அதற்கொரு ஏற்பாடு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிந்து, இந்த எல்லையைத் தாண்டாதே என்று காட்டும். ஆயில் சூடேற ஏற விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து எல்லை உயரும்.

நம் எஞ்சினில் நடந்ததை இப்போது வரிசைப்படுத்தலாம். முதலில் மேற்படலம் வழித்தெடுக்கப்பட்டது. செம்பு வெளியே தெரிந்தது, ஆயிலில் மின்னியது. இடைவெளி அகன்றதும் ராட் ஒவ்வொரு திருப்பத்திலும் தண்டை ஓங்கி அறைந்தது. ஓட்டுநருக்கு அது டக்டக்கென்ற தட்டலாகக் கேட்டது. அத்தோடு அணைத்திருந்தால் ஓடுகளோடு போயிருக்கும். இன்னும் சில கிலோமீட்டர் ஓடியது. ராட்டின் அழுத்தமான பிடியில் ஓடுகள் அசையாமல் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு ஓடும் அரைவட்டத்தைவிட இம்மியளவு அதிகமாகச் செய்யப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கும்போது அவை நசுங்கி வெளிப்புறமாக விம்மி ராட்டைப் பற்றிக்கொள்ளும். கடுஞ்சூட்டில் அந்த விம்மல் தளர்ந்தது. ஓடு ராட்டுக்குள் சுழன்றது. ஆயில் வரும் துளை மூடிக்கொண்டது. அதன்பின் மிஞ்சியது உலோகமும் உலோகமும்தான்.

உடைந்தது சாட்சி

எஞ்சினை இறக்கி ஸ்டாண்டில் பூட்டியபின், அனுபவசாலி உடனே உடைந்த இடத்துக்குப் பாய்வதில்லை. கழற்றும் வரிசையே விசாரணையின் முதல் படி. பன்னிரண்டு ராட் பேரிங் ஓடுகளையும் வெள்ளைத் துணியில் சிலிண்டர் எண்படி, மேல் ஓடு கீழ் ஓடு மாறாமல் வரிசையாக வைக்கிறார். அழிந்த ஓடு எதையும் சொல்லாது, எல்லாம் உருகி வழிந்திருக்கும். பக்கத்தில் பாதி தேய்ந்த ஓடுகள்தான் பேசும். மெல்லிய நேர்க்கீறல்கள் இருந்தால் ஆயிலில் அழுக்கு. மேற்படலம் வழவழவென்று வழித்து எடுத்ததுபோல் இருந்தால் ஆயில் பற்றாக்குறை. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறது, அல்லது தண்டு கூம்பாகத் தேய்ந்திருக்கிறது. வறண்ட குளத்து மண்போல் வெடிப்புகள் ஓடியிருந்தால் உலோகம் களைத்துப்போயிருக்கிறது.

முறிந்த போல்ட்டும் இப்படித்தான் பேசும். ஒரே இழுப்பில் அறுந்த போல்ட் அறுந்த இடத்தில் இடுப்புச் சிறுத்து, சொரசொரப்பாக இருக்கும். பலகாலம் இழுபட்டுக் களைத்து அறுந்த போல்ட்டின் முகத்தில், கடற்கரை மணலில் அலைகள் விட்டுச்சென்ற வரிகளைப்போல வளைகோடுகள் இருக்கும். வெடிப்பு எந்த மூலையில் பிறந்து எப்படி நகர்ந்தது என்று அந்த வரிகளைப் பின்தொடர்ந்து படிக்கலாம்.

காரணத்தைப் படிக்காமல் பாகத்தை மாற்றினால் என்ன ஆகும்? கார் பந்தய வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற எஞ்சினே அதற்குப் பாடம். 1967 ஜூன் 4 அன்று, ஹாலந்தின் சாண்ட்வோர்ட் தடத்தில், காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின் முதன்முதலாகப் போட்டியிட்டது. லோட்டஸ் அணியின் கிரஹாம் ஹில் முதலிடத்தில் புறப்பட்டு முன்னணியில் ஓடினார். சில சுற்றுகளிலேயே, வால்வுகளை இயக்கும் டைமிங் கியரின் பல் உடைந்து அவர் கார் நின்றது. அதே எஞ்சினுடன் ஓடிய ஜிம் கிளார்க் வென்றார். வென்ற பெருமையில் அந்தப் பல்லை மறந்திருக்கலாம். கியரை இன்னும் தடிமனாகச் செய்திருக்கலாம். எஞ்சினை வடிவமைத்த கீத் டக்வொர்த், கியர் பலவீனமானது என்ற எளிய விடையோடு நிற்கவில்லை. கிராங்கும் கேம்ஷாஃப்ட்டுகளும் சுழலும்போது முறுக்கிக்கொண்டும் தளர்ந்துகொண்டும் அதிர்வதால், கணக்கில் வராத சுமை கியர் பற்களின்மேல் அறைகிறது என்று கண்டார். கியரின் மையத்துக்குள் மெல்லிய உருக்குத் தண்டுகளை வட்டமாக வைத்தார். அதிர்ச்சி வரும்போது அவை ஸ்பிரிங்போல முறுக்கிக்கொடுத்து வாங்கிக்கொண்டன. டிஎஃப்வி வம்ச எஞ்சின்கள் ஃபார்முலா 1 உலகக் கோப்பைப் பந்தயங்களில் 155 வெற்றிகளைக் குவித்தன. உடைந்த பல் குற்றவாளி இல்லை, குற்றத்தைக் கண்ட சாட்சி என்று அவர் நடத்தியதன் பலன் அது.

உலோகத்துக்கு மருத்துவம்

காரணம் தெரிந்தபின் எதைக் காப்பாற்றலாம், எதைக் கைவிடுவது என்ற கேள்வி. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைத் தேட கிராங்கைக் காந்தமாக்குகிறார்கள். அதன்மேல் ஒளிரும் பூச்சுள்ள இரும்புத் துகள்கள் கலந்த திரவத்தை ஊற்றுகிறார்கள். வெடிப்பு இருக்கும் இடத்தில் காந்தப்புலம் உலோகத்தைவிட்டு வெளியே கசிகிறது, துகள்கள் அங்கே போய்க் கூடுகின்றன. இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழ் வெடிப்பு பச்சை இழையாக எரிகிறது. அப்படி ஓர் இழை தெரிந்தால் அந்தக் கிராங்க் குப்பைக்கு. அலுமினியம் காந்தத்துக்கு வசப்படாது என்பதால், சிலிண்டர் ஹெட்டுக்கு வெடிப்பில் ஊறும் சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

கிராங்கில் வெடிப்பில்லை, கீறல் மட்டும் என்றால் தண்டைக் கால் மில்லிமீட்டர் அரைத்துச் சிறிதாக்கி, அதற்கேற்ற தடித்த ஓடுகளைப் போடலாம். இங்கே இரண்டு ஆபத்துகள். உயர்திறன் கிராங்குகள் பலவற்றின் மேற்பரப்பில் நைட்ரஜனை ஊறவைத்துக் கடினப்படுத்தியிருப்பார்கள். அந்தக் கடின அடுக்கு மிக மெல்லியது. அரைத்தால் அதுவும் போய்விடும், மறுபடி நைட்ரைடிங் செய்ய வேண்டும். இரண்டாவது, தண்டும் கிராங்கின் புயமும் சேரும் மூலையில் உள்ள வளைவு. துணிக்கடையில் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்துவிட்டுச் சர்ரென்று கிழிப்பார்களே, அந்தக் கிழிசலை வழிநடத்துவது அந்த வெட்டின் கூர்மைதான். மூலை கூராக இருந்தால் விசை முழுதும் அங்கே குவிந்து உலோகம் அப்படித்தான் கிழியும். அரைக்கும் கல் அந்த வளைவை வளைவாகவே விட்டுவைக்க வேண்டும்.

சிலிண்டர் பிளாக்கின் வேலை இன்னும் நுட்பமானது. உலோகத் துகள்கள் சுவர்களைக் கீறியிருந்தால் துளைகளைப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களைப் போட வேண்டும். பட்டறையில் அழகாக வட்டமாகத் துளைத்த சிலிண்டர், ஹெட்டை வைத்து போல்ட்டுகளை இறுக்கியதும் வட்டமாக இருப்பதில்லை. போல்ட்டுகளின் இழுவையில் பிளாக்கே நெளிகிறது. நல்ல பட்டறைகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. ஹெட்டுக்குப் பதில் நடுவில் துளைகள் கொண்ட தடித்த உலோகப் பலகையை அதே விசையில் இறுக்கி, பிளாக்கை முதலில் நெளியவைக்கிறார்கள். நெளிந்த நிலையில், சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் செய்கிறார்கள். பலகையைக் கழற்றினால் சிலிண்டர் வட்டம் கலையும், ஹெட்டை இறுக்கினால் வட்டம் திரும்பும். ஓடும்போது எப்படி இருக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்து, ஓடாதபோது வேறொன்றாகச் செய்வது இந்தத் தொழிலின் சாரம். பிஸ்டனும் அப்படித்தான். மேசையில் வைத்து அளந்தால் அது வட்டமாக இருக்காது, லேசான நீள்வட்டம். உச்சி சற்றே ஒடுங்கியிருக்கும். அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரிவடையும், உச்சிதான் அதிகம் சூடாகும். சூட்டில் விரிந்தபின்தான் அதற்கு உரிய வடிவம் வரும்.

ஹோனிங் கல் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகளை விடுகிறது. அவை கவனமின்மையால் விழுந்த கீறல்கள் அல்ல. ஆயில் தங்குவதற்கான வாய்க்கால்கள்.

இறுக்கம் என்னும் கணக்கு

புதிய ராட் போல்ட்டுகள் சிறியவைதான். எஞ்சினில் இவற்றைவிடக் கடினமாக உழைக்கும் பாகம் வேறில்லை. போல்ட் என்பது மிக விறைப்பான ஒரு ஸ்பிரிங். அதை இறுக்கும்போது நாம் செய்வது அதை நீட்டுவது. நீண்ட போல்ட் சுருங்கப் பார்க்கிறது, அந்தச் சுருக்கமே மூடியை ராட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. பிஸ்டன் தரும் இழுவையைவிட இந்தப் பிடி வலுவாக இருக்கும்வரை, இணைப்பு பிரியவே பிரியாது. போல்ட்டுக்குள் விசையின் ஏற்ற இறக்கம் சிறிதளவே தெரியும். ஏற்ற இறக்கம் குறைந்தால் களைப்பும் குறையும். தளர்வாக இறுக்கிய போல்ட்டோ நொடிக்கு 66 முறை முழு இழுவையையும் வாங்கி, சில மணி நேரத்திலேயே களைத்து அறுந்துவிடும்.

அப்படியானால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு போதாதா? நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, போல்ட்டின் தலைக்கு அடியிலும் புரிகளிலும் உராய்வாகவே போய்விடுகிறது. மிஞ்சும் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. புரியில் கொஞ்சம் அழுக்கோ, ஆயிலில் சிறு மாற்றமோ இருந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கு தலைகீழாக மாறிவிடும். அதனால்தான் முதலில் லேசாக இறுக்கி, அதன்பின் இத்தனை டிகிரி திருப்பு என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். புரியின் இடைவெளி தெரியும், கோணம் தெரியும், நீட்சி எவ்வளவு என்று கணக்கு சொல்லிவிடும். பந்தய எஞ்சின் கட்டுபவர்கள் ஒரு படி மேலே போய், போல்ட்டின் நீளத்தை இறுக்கும் முன்பும் பின்பும் மைக்ரோமீட்டரில் அளக்கிறார்கள். கோணக் கணக்கில் இப்படி நீட்டிய போல்ட் பெரும்பாலும் முழுதாகப் பழைய நீளத்துக்குத் திரும்பாது. கழற்றினால் மறுபடி போடக் கூடாது.

கழுவுவதும் அளப்பதும்

மறுகட்டுமானம் செய்த எஞ்சின்களைக் கொல்வதில் பழைய எஞ்சினின் குப்பைக்குப் பெரிய பங்கு உண்டு. சுழன்ற பேரிங் உதிர்த்த செம்பும் உருக்கும் ஆயில் போன இடமெல்லாம் போயிருக்கும். வால்வு நேரத்தை மாற்றும் கருவியில், ஹெட்டின் வழிகளில், எல்லாவற்றுக்கும் மேலாக ஆயில் கூலரில். கூலரின் மெல்லிய குழாய்களில் சிக்கிய துகளை வெளியே கொண்டுவர நம்பகமான வழி இல்லை. புதிதாகப் போடுவதுதான் அறிவுடைமை. அதை மிச்சப்படுத்தியவர்கள், முதல் நாள் ஓட்டத்திலேயே புதிய பேரிங்குகளுக்குப் பழைய நஞ்சை ஊட்டிவிடுகிறார்கள்.

பிளாக்கின் ஆயில் வழிகளை அடைத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றி, நீண்ட பிரஷ்ஷை விட்டுத் தேய்க்க வேண்டும். ஹோனிங் விட்டுச்சென்ற கல்தூளை பெட்ரோலும் டீசலும் போக்காது. சோப்பும் வெந்நீரும்தான் தூளைத் தூக்கி வெளியே கொண்டுவரும். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுச் சிலிண்டர் சுவரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே திரும்ப வேண்டும். சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடி சோப்பு, மறுபடி வெந்நீர்.

பிறகு அளத்தல். அளவியலில் உலகம் முழுதும் ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். இதைச் சடங்கு என்று எண்ணிவிட வேண்டாம். தண்டு ஒரு பத்து டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தாலே அதன் விட்டம் ஐந்தாறு மைக்ரான் கூடிவிடும். 50 மைக்ரான் இடைவெளியில் அது பத்தில் ஒரு பங்கு. அதனால் கிராங்கும் ராட்டும் மைக்ரோமீட்டரும் ஒரே அறையில் ஓர் இரவு கிடக்க வேண்டும். காலையில் தண்டின் விட்டத்தை அளந்து, ஓடுகளைப் போட்டு இறுக்கிய ராட்டின் உள்விட்டத்தையும் அளந்து கழித்தால் இடைவெளி கிடைக்கும். அதைச் சரிபார்க்க இன்னொரு எளிய வழி பிளாஸ்டிகேஜ். மெழுகு போன்ற மெல்லிய நூல் அது. தண்டின்மேல் ஒரு துண்டை வைத்து, மூடியை முழு விசையில் இறுக்கிப் பின் கழற்றினால் நூல் நசுங்கிப் பட்டையாகியிருக்கும். பட்டை எவ்வளவு அகலமோ இடைவெளி அவ்வளவு குறைவு. இந்தச் சோதனைக்குப் பழைய போல்ட்டுகளைப் பயன்படுத்துவார்கள். புதியவை ஒரே ஒரு முறை நீள்வதற்காகக் காத்திருக்கும்.

ஆறு ராட்டுகளுக்கும் ஆறு அளவுகள். ஒன்று 46, ஒன்று 58 என்று வந்தால் ஓடுகளை மாற்றி மாற்றிப் பொருத்தி நெருக்கமான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை இல்லை. கிராங்கையும் எடை சமன் செய்ய வேண்டும். ஓரத்தில் பத்து கிராம் கூடுதல் என்பது 8000 சுற்றில் முப்பது கிலோவுக்கும் மேலான உதறலாகிவிடும். அது அழுத்துவதும் அதே ஆயில் படலத்தின்மேல்தான்.

முதல் மூச்சு

எல்லாம் பூட்டியாயிற்று. ஒவ்வொரு தண்டிலும் பிசின்போன்ற பசை பூசியாயிற்று, ஆயில் வந்து சேரும் முதல் நொடிகளை அது காக்கும். உடனே சாவியைத் திருப்பிவிடக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளையும் துண்டித்து, ஸ்டார்ட்டர் மோட்டாரால் மட்டும் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். பம்ப் வெறும் குழாய்களை நிரப்பி, வடிகட்டியை நிரப்பி, கிராங்குக்குள் போடப்பட்ட துளைகள் வழியாகக் கடைசி ராட் வரை ஆயிலைக் கொண்டுசெல்ல வேண்டும். அழுத்தமானியின் முள் எழுந்து நிற்கும்வரை தீப்பொறி கூடாது. டவரின் கார்க்கைத் தள்ளிய அதே திரவம் வந்து சேர்ந்துவிட்டதா என்று நாம் உறுதி செய்துகொள்ளும் கணம் அது.

பிறகுதான் முதல் ஓட்டம். வளையங்கள் சிலிண்டர் சுவரோடு பழகுவதற்கு மிதமான சுமை வேண்டும். எரிவாயுவின் அழுத்தம் வளையத்தின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு சேர்க்கும்போது, ஹோனிங் கோடுகளின் முனைகள் மழுங்கி இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. பயந்து பயந்து சும்மா உறுமவிட்டாலும் கெடுதல், முதல் நாளே 8000-க்கு விரட்டினாலும் கெடுதல். புதிதாக வந்தபோதே இந்த எம்3 கார்களுக்கு 2000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றச் சொன்னார்கள். மறுபடி கட்டிய எஞ்சினுக்கு அதைவிடவும் சீக்கிரமாகவே முதல் ஆயிலை வடித்துவிடுவது நல்லது.

அந்த நாளில் வடிகால் போல்ட்டை மறுபடி கழற்றுகிறோம். ஆயில் வடிகட்டியை வெட்டி, அதன் காகித மடிப்புகளை விசிறிபோல விரித்துப் பார்க்கிறோம். வளையங்கள் உதிர்த்த மெல்லிய சாம்பல் பொடி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அது எதிர்பார்த்ததுதான். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஆயிலைப் பிடித்து வெயிலில் சாய்க்கிறோம். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. எதுவும் மின்னவில்லை.